சொம்பு இன்ஜின் குடித்த உப்புத் தண்ணீர்

போன மாதம் ஓட்டுநர்கள் தங்குகிற ரன்னிங் ரூமுக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். புதிதாக உதவி ஓட்டுநர் வேலைக்கு வந்திருக்கிற உங்களில் சிலர் அங்கே இருந்தீர்கள். குளுகுளு அறை, கையில் டீ, எதிரே ஒரு கிழவன். ஏசி வைத்த இன்ஜினில் உட்கார்ந்து ஓட்டப்போகிற பிள்ளைகளிடம் கரியையும் சாம்பலையும் பற்றி என்ன பேசுவது என்று நான் முழித்துக்கொண்டிருந்தபோது, பின்வரிசையில் இருந்த ஒரு பெண் கேட்டது. "பெரிய நீராவி இன்ஜினையெல்லாம் ஊருக்கு ஊரு பெயிண்ட் அடிச்சு நிறுத்தி வச்சிருக்காங்கய்யா. நீங்க ஓட்டுன அந்தச் சின்ன டேங்க் இன்ஜின் மட்டும் எங்கிட்டுமே இல்லையே, ஏன்?"

அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. டீ ஆறிப்போகுது, குடிங்க என்று சொல்லிச் சமாளித்துவிட்டேன். அந்த வகையில் கடைசியாக மிஞ்சியிருந்தது என் கையில்தான் முடிந்தது. அதை டீ குடிக்கிற நேரத்தில் சொல்ல முடியாது. அதனால்தான் எழுதுகிறேன். எழுதினால் இன்னொரு வசதியும் இருக்கிறது. நடுவில் நீங்கள் கைபேசியை எடுத்து நோண்டினாலும் எனக்குத் தெரியாது, கோபம் வராது.

அந்த இன்ஜின்களை மதுரை ஷெட்டில் நாங்கள் சொம்பு என்போம். மற்ற நீராவி இன்ஜின்களுக்குப் பின்னால் கரிக்கும் தண்ணீருக்கும் தனியாக ஒரு வண்டி இருக்கும். இதற்கு அது கிடையாது. பாய்லருக்கு இரண்டு பக்கமும் இரும்புத் தொட்டி, முதுகில் கொஞ்சம் கரி, அவ்வளவுதான். வெளியூர் போகிறவர் சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு கிளம்புகிற மாதிரி, தனக்கு வேண்டியதைத் தானே சுமந்துகொண்டு போகும். முன்னாலும் ஓடும், பின்னாலும் ஓடும். திருப்பி நிறுத்த வேண்டிய வேலையே இல்லை.

வெள்ளைக்காரன் காலத்தில் அவை கப்பலில் வந்தன. பெட்டி பெட்டியாக இறங்கி, இங்கே நம் ஆட்கள் பூட்டி ஓடவிட்டார்கள் என்று எனக்கு முந்திய தலைமுறை டிரைவர்கள் சொல்வார்கள். அவர்களும் பார்த்தவர்கள் இல்லை, கேட்டவர்கள்தான். வருசம் பூராவும் மழை பெய்கிற தேசத்தில் செய்த இன்ஜின், வைகையில் மணல் மட்டுமே ஓடுகிற ஊருக்கு வந்து சேர்ந்தது. அதை நினைத்தால் எனக்கு எப்போதும் கொஞ்சம் பாவமாக இருக்கும். இரும்புக்குப் போய்ப் பாவம் பார்க்கிறானே என்று நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள்.

முதலில் இரண்டு மூன்று பெட்டிகளோடு கிளைப் பாதையில் பாசஞ்சர் ஓட்டினார்கள். கூட்டம் பெருகி வண்டி நீளமானதும் அதற்குச் சக்தி போதவில்லை. யார்டில் பெட்டி தள்ள வைத்தார்கள். அதற்கும் பெரிய இன்ஜின்கள் வந்தபிறகு, ஷெட்டுக்குள் சாம்பல் வண்டி இழுக்க வைத்தார்கள். ஒன்று படுத்துவிட்டால் அதன் சக்கரத்தைக் கழற்றி இன்னொன்றுக்குப் போடுவோம். அடுத்தது படுத்தால் அதன் பாய்லர் வேறொன்றுக்குப் போகும். இப்படியே ஒவ்வொன்றாகக் குறைந்து கடைசியில் ஒன்றுதான் நின்றது. அதன் உடம்பில் எது அதனுடையது என்று யாராலும் சொல்ல முடியாது. போய்ச் சேர்ந்த அத்தனையும் அந்த ஒன்றுக்குள் ஓடிக்கொண்டிருந்தன என்றே நான் நினைத்துக்கொள்வேன்.

அதைத்தான் எனக்குக் கொடுத்தார்கள். கூட ஃபயர்மேன், கோரிப்பாளையம் காதர். என்னைவிட வயதில் சின்னவர், ஆனால் தீயைப் பார்ப்பதில் பொறுமைசாலி. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அவர் ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே கரி போடுவார். ஷெட் ஃபோர்மேன் எங்களிடம் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். "இதுக்கு இனிமே மாத்து சாமான் கிடையாது. பாய்லரோ சிலிண்டரோ ஒண்ணு போச்சுன்னா வண்டியே போச்சு. அடுத்த நாளே பழைய இரும்புக்கு எழுதிருவாங்க. பாத்து ஓட்டுங்க." அவருக்கும் அதன் மேல் ஒரு பிரியம் உண்டு. காலையில் வந்ததும் அதைத்தான் முதலில் பார்ப்பார்.

அந்த வருசம் மழை பொய்த்துப் போனது. மதுரைக்குத் தெற்கே கரிசல் காட்டில் தண்டவாளத்தை ஒட்டிக் குடியிருக்கிற கேட் கீப்பர் குடும்பங்களுக்கும் பாதையைப் பழுது பார்க்கிற கேங்மேன் குடும்பங்களுக்கும் ரயில்தான் தண்ணீர் கொண்டுபோக வேண்டும். பெரிய இன்ஜின்கள் எல்லாம் பயணிகள் வண்டியில் இருந்தன. தண்ணீர் வண்டிக்கு எங்கள் சொம்பை அனுப்பினார்கள். யார்டைத் தாண்டி அது வெளியே போய் எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

சமயநல்லூரில் ரயில்வே கிணறு ஒன்று வற்றாமல் இருந்தது. அங்கே தொட்டி வண்டிகளில் நிரப்பிக்கொண்டு, மதுரையில் இன்ஜினுக்கும் பிடித்துக்கொண்டு தெற்கே போவோம். அந்த நாட்களை இப்போது நினைத்தாலும் கனவு மாதிரிதான் வருகிறது. நாகமலை நீலமாகப் பின்னால் நகரும். ஊர் முடியும், தென்னை முடியும், பிறகு கருவேலமும் பனையும் மட்டும். வெயில் ஏறியதும் தண்டவாளத்தின் மேல் கானல் எழும்பும். தூரத்தில் பாதையே நனைந்து கிடப்பதாகத் தெரியும். பின்னால் உண்மைத் தண்ணீரை இழுத்துக்கொண்டு, முன்னால் தெரிகிற பொய்த் தண்ணீரை நோக்கி மெல்லப் போய்க்கொண்டிருப்போம். காதர் பாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பார். சக்கரத்தின் சத்தம் மட்டும் எங்களைத் தாலாட்டிக்கொண்டே வரும்.

யார்டு ஆட்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. தண்ணீரை நேரத்தால் அளப்பார்கள். காலையில் பிடித்தால் மத்தியானம் வரை தாங்கும் என்பதுதான் எங்கள் கணக்கு. யார்டில் எங்கே நின்றாலும் தண்ணீர்க் குழாய் பக்கத்தில்தான் இருக்கும். முழுத் தொட்டிகளை இழுத்துக்கொண்டு வெட்டவெளியில் ஓடும்போது இன்ஜின் எவ்வளவு குடிக்கும் என்பது எங்கள் கணக்கில் இல்லை. அதனால் வழியில் ஒரு ஸ்டேஷனில் மறுபடி பிடித்துக்கொள்ள ஏற்பாடு. அதுவரை பிரச்சினை இல்லாமல் ஓடியது.

நான் சொல்லவந்த நாளில் அந்த ஸ்டேஷன் குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. எங்களுக்கு முன்னால் போன பாசஞ்சர் இருந்த தண்ணீரை எல்லாம் குடித்துவிட்டுப் போயிருந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் கையை விரித்தார். அடுத்த தண்ணீர், கேங்மேன் குடியிருப்பைத் தாண்டி உள்ள ஸ்டேஷனில். அதுவரை இழுத்துவிடலாம் என்று நினைத்துக் கிளம்பினோம்.

வழியெல்லாம் கேட் கேட்டாக நிறுத்தித் தண்ணீர் கொடுத்துக்கொண்டே போனதில் ஒரு கேட்டுக்கு வந்து சேரும்போது மத்தியானம் ஆகிவிட்டது. அங்கே கேட் கீப்பர் வீடும் பக்கத்தில் நாலைந்து குடிசைகளும். பெண்கள் குடங்களோடு நின்றார்கள். அவர்களுக்குக் கொடுத்து முடித்ததும் மிச்சம் இருந்தது கடைசித் தொட்டியின் அடியில் கிடந்த தண்ணீர்தான். அது கேங்மேன் குடியிருப்புக்கு உரியது. முந்தைய நடையில் பாதையில் ஏதோ கோளாறு என்று எங்கள் வண்டியைப் பாதியிலேயே திருப்பிவிட்டார்கள். அதனால் அந்தக் குடியிருப்புக்குத் தண்ணீர் போய் நாளாகியிருந்தது.

கிளம்புவதற்கு முன் பக்கத் தொட்டியின் வெளிப்புறத்தை உள்ளங்கையால் தடவிப் பார்த்தேன். சொம்பு ஓட்டுகிற எல்லாரும் செய்கிற வேலை இது. உள்ளே தண்ணீர் இருக்கிற உயரம் வரை இரும்பு குளிர்ச்சியாக இருக்கும், அதற்கு மேலே வெயிலில் கொதிக்கும். கையை மேலிருந்து இறக்கிக்கொண்டே வந்தேன். சுட்டது. இன்னும் இறக்கினேன். அங்கேயும் சுட்டது. குனிந்து அடிவரை தடவிவிட்டு, அந்தப் பக்கத் தொட்டிக்கு ஓடினேன். அங்கேயும் அதே கதைதான். பாய்லரில் தண்ணீர் காட்டும் கண்ணாடிக் குழாயில் மட்டம் அடிக்கு வந்திருந்தது.

இதன் அர்த்தம் உங்களுக்குத் தெரியாது, சொல்லிவிடுகிறேன். பாய்லரில் தண்ணீர் குறைந்து தீ எரிகிற அறையின் கூரை வெறுமையானால் அது உருகும், வெடிக்கவும் செய்யும். பக்கத்தில் நிற்கிற எவரும் மிஞ்ச மாட்டார்கள். அதற்கு முன் தீயை வாரித் தண்டவாளத்தில் கொட்டிவிட வேண்டும். கொட்டிவிட்டால் இன்ஜின் பிழைக்கும். ஆனால் வண்டி அங்கேயே நின்றுவிடும். ஒற்றைப் பாதை. இன்னொரு இன்ஜின் வந்து இழுக்கிறவரை எங்களாலும் போக முடியாது, எங்கள் தொட்டியில் இருக்கிற தண்ணீரும் போகாது.

கேட் போனில் ஸ்டேஷன் மாஸ்டரைப் பிடித்தேன். அவர் மேலே கேட்டுவிட்டுத் திரும்பக் கூப்பிட்டார். "இப்போதைக்கு இன்ஜின் எதுவும் இல்லையாம். நாளைக்குத்தான் ஆகுமாம். நீங்களே நிலைமையைப் பாத்துச் செய்யுங்கன்னு சொல்றாங்க." உங்களுக்கும் ஒரு நாள் இந்தப் பதில் வரும். நல்லது நடந்தால் எல்லாரும் பங்குக்கு வருவார்கள், கெட்டது நடந்தால் உங்கள் தலையில் விடியும் என்பதுதான் அதற்கு அர்த்தம். பதில் வந்ததும் கத்தாதீர்கள். நான் கத்தினேன், பிரயோசனம் இல்லை.

"அண்ணே, கடைசித் தொட்டியில இருக்கே, அதுல கொஞ்சம் மொண்டு ஊத்துனா என்ன?" என்றார் காதர். கேட்டுவிட்டு அவரே தலையை ஆட்டிக்கொண்டார். "வேணாம்ணே. தாகத்தோட இருக்கிற ஜனங்க தண்ணிய எரிச்சா அல்லா மன்னிக்க மாட்டான். தீயக் கொட்டிருவோம்."

"கொட்டுனா அவுகளுக்கு இன்னிக்கும் தண்ணி இல்ல காதரு."

"அதுக்கு என்னண்ணே செய்ய?"

கேட் கீப்பரின் மனைவி பேச்சியம்மா நிறைகுடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றது. எங்கள் மேல் எரிச்சலோ, வானத்தின் மேல் எரிச்சலோ, வெடுக்கென்று பேசியது. "ஊரெல்லாம் தண்ணி கொண்டாற வண்டிக்கே தண்ணி இல்லையாக்கும். நல்ல கூத்து. எங்களப் பாரு, வாசல்லயே கெணறு கெடக்கு, வாயில வைக்க முடியுதா? உப்பு. மாடுகூட மோந்து பாத்துட்டுத் திரும்பிரும்."

"எம்புட்டுத் தண்ணி இருக்கும் அதுல?" என்றேன்.

"யாரு எறைக்கிறா? கெடக்கு எம்புட்டோ."

காதர் என் முகத்தைப் பார்த்தார். நான் என்ன நினைக்கிறேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. "வேணாம்ணே. அந்தத் தண்ணி உள்ள போனா நுரைச்சுக்கிட்டு வரும். சிலிண்டருக்குள்ள தண்ணி ஏறி ஒடைச்சுப்புடும். ஃபோர்மேன் சொன்னது மறந்துபோச்சா? இது செத்துரும்ணே."

நான் தண்டவாள ஓரத்தில் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டேன். எத்தனை நேரம் இருந்தேனோ தெரியாது. வெயில் வெள்ளையாக நின்றது. எங்கேயோ ஒரு செம்போத்து கத்திக்கொண்டிருந்தது. சொம்பு என் பக்கத்தில் மெல்ல மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. கப்பலில் வந்தவை, கிளைப் பாதையில் ஓடியவை, ஒன்றுக்கொன்று சக்கரமும் பாய்லரும் கொடுத்துவிட்டுப் போனவை எல்லாம் இந்தப் பேர் தெரியாத கேட்டில் வந்து என்னைப் பார்த்துக்கொண்டு நிற்பதாக இருந்தது. எனக்கு அழுகை வந்தது. வெயிலில் வேர்த்து ஊற்றியதால் யாருக்கும் தெரியவில்லை.

பிறகு எழுந்து காதரிடம் மூன்று வழியையும் சத்தமாகச் சொன்னேன். தீயைக் கொட்டினால் குடியிருப்புக்குத் தண்ணீர் நாளைக்கு. தொட்டியில் கைவைத்தால் அவர்களுக்கு அடித்தண்ணீரும் தேறாது. உப்பை ஊற்றினால் தண்ணீர் இன்றைக்கே போய்ச் சேரலாம், இன்ஜின் போய்விடும். வாயால் சொன்னதும் எனக்கே தெளிந்துவிட்டது. மனசுக்குள் இருக்கிறவரை மூன்றும் ஒரே கனமாக இருந்தன. சொல்லிப் பார்த்தபோது ஒன்றில் மட்டும் போவது வெறும் இரும்பு என்று தெரிந்தது. நீங்களும் நெருக்கடியில் இதைச் செய்து பாருங்கள். எதை எதற்காக விடப்போகிறோம் என்று பக்கத்தில் இருப்பவர் காதில் விழும்படி சொல்லுங்கள்.

"மட்டம் கண்ணுல தெரியிற வரைக்கும் ஓட்டுவோம். தெரியலைன்னா அந்த எடத்துலயே தீயக் கொட்டிரணும். நான் வேணாம்னு சொன்னாலும் நீங்க கொட்டிரணும். சரியா?" என்றேன்.

"அத நீங்க சொல்லவே வேணாம்ணே," என்றார் காதர்.

உப்புக் கிணற்றிலிருந்து இன்ஜின்வரை பெண்கள் வரிசை கட்டினார்கள். பேச்சியம்மாதான் எல்லாரையும் விரட்டியது. "குடிதண்ணிக் கொடத்த எடுக்காதீக, அதுல உப்பு ஒட்டிரும். மாட்டுக்கு வைக்கிற வாளிய எடுத்தாங்கடி." வாளிகளும் தகர டின்களும் கைமாறி வந்தன. காதர் தொட்டியின் மேலே நின்று ஊற்றினார். ஒவ்வொரு வாளிக்கும் பிஸ்மி சொல்லியே ஊற்றினார். நான் கையை வைத்துப் பார்த்தேன். இரும்பு கீழிருந்து மெல்லக் குளிர்ந்துகொண்டு வந்தது.

மிச்சமிருந்த தூரத்தை நாங்கள் ஓட்டினோம் என்று சொல்ல முடியாது. இன்ஜின் நடந்தது. சிலிண்டர் அடியில் தண்ணீரை வெளியே விடுகிற குழாய்களைத் திறந்தே வைத்திருந்தேன். புகைபோக்கியிலிருந்து வெள்ளை நுரை பறந்து எங்கள் மேல் விழுந்தது. உதட்டில் கரித்தது. கடலைப் பார்க்காத பொட்டலில் கடல் தண்ணீர் தெறிக்க நாங்கள் போய்க்கொண்டிருந்தோம். கண்ணாடிக் குழாயில் மட்டம் ஏறும், இறங்கும், நுரைத்துக் கலங்கும், மறுபடி தெரியும். காதர் அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கையில் தீ வாருகிற கம்பி. பாட்டு இல்லை.

குடியிருப்பு கண்ணுக்குத் தெரிந்த நேரத்தில் வலதுபக்கம் ஒரு அடி விழுந்தது. இன்ஜின் முழுக்க அதிர்ந்தது. சிலிண்டர் பிளந்து ஆவி பக்கவாட்டில் சீறியது. என்ன ஆனது என்று இறங்கிப் பார்க்கத் தேவையில்லை, இருவருக்கும் தெரியும். கண்ணாடிக் குழாயில் மட்டம் இன்னும் தெரிந்தது. ஒற்றைப் பக்கத்து இழுப்பிலேயே இழுத்து இழுத்துக் கொண்டுபோய் நிறுத்தினேன். நிறுத்தியதும் காதர் தீயைக் கொட்டிவிட்டார்.

எங்களுக்கு என்ன வரவேற்பு கிடைத்தது தெரியுமா? திட்டு. "இதுதான் வார்ற நேரமா? காலையில இருந்து காத்துக் கெடக்கோம். மதுரைக்காரவுகளுக்கு என்ன, கொழாயத் திறந்தாத் தண்ணி." ஒரு அம்மா எங்கள் கோலத்தைப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, மேலெல்லாம் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வந்திருக்கீக?" என்று கேட்டது. காதருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. என் சர்வீஸில் எத்தனையோ பேர் பாராட்டியிருக்கிறார்கள், சால்வை எல்லாம் போட்டிருக்கிறார்கள். அந்தத் திட்டை வாங்கிக்கொண்டு நின்றபோது இருந்த சந்தோசம் எதிலும் இருந்ததில்லை.

மறுநாள் வேறொரு இன்ஜின் வந்து செத்த சொம்பையும் எங்களையும் மதுரைக்கு இழுத்துப் போனது. ஃபோர்மேன் ஷெட் வாசலிலேயே நின்றிருந்தார். கிட்டே வந்து பிளந்த சிலிண்டரைப் பார்த்தார். விரலால் தொட்டியைத் தடவி, ஒட்டியிருந்த உப்பை நாக்கில் வைத்துப் பார்த்தார். ஷெட்டில் அத்தனை பேரும் வேலையை விட்டுவிட்டு நின்றார்கள். எனக்கு வேலை போகும் என்றே நினைத்தேன். போனாலும் சரி, அவர் முகத்தைப் பார்க்கத்தான் தைரியம் வரவில்லை.

"உப்புன்னு தெரிஞ்சுதான் ஊத்துனியா?"

"தெரிஞ்சுதான் சார்."

"இப்படி ஆகும்னு தெரியும்?"

"தெரியும் சார்."

அவர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இன்ஜினின் பக்கத்தில் போய், தொட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தார். நாங்கள் மட்டம் பார்க்கிற மாதிரியே மேலிருந்து கீழே இறக்கினார். உள்ளே ஒன்றும் இல்லை என்று அவருக்குத் தெரியும்.

"தண்ணி போய்ச் சேந்துச்சா?" என்றார், எங்களைப் பார்க்காமல்.

காதர்தான் பதில் சொன்னார்.

"கடைசி வீடு வரைக்கும் சேந்துருச்சு சார்."